சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணமும் நமது நிகாஹ் தஃப்தரும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை கரிசல் மண். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த வருடம் நெல், நிறையாத வருடம் கம்பும் சோளமும் பருத்தியும், அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுவது. தறியும் மில்லும் மட்டும் இல்லையென்றால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பெண்பிள்ளையின் திருமணம் என்பது ஒருநாள் நிகழ்ச்சி அல்ல. அதற்கு முன்னால் பத்து வருடச் சேமிப்பு, அதற்குப் பின்னால் ஐந்து வருடக் கடன். இதில் இந்து வீடு, முஸ்லிம் வீடு என்ற வேறுபாட்டை நாம் பெரிதாகக் கண்டதில்லை.

அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இன்று விருதுநகர் மாவட்டம், அன்று ராமநாதபுரம் மாவட்டம். 1928ஆம் ஆண்டு மே மாதம் அங்கே ஒரு திருமணம் நடந்தது. புரோகிதர் வரவில்லை. ஹோமத் தீ வளர்க்கப்படவில்லை. புரியாத மொழியில் மந்திரம் ஓதப்படவில்லை. கூடியிருந்தவர்கள் முன்னிலையில் இருவர் ஒருவரையொருவர் துணையாக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான். தலைமை தாங்கியவர் ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஈ.வெ.ராமசாமி, பிற்காலத்தில் பெரியார் என்று அழைக்கப்பட்டவர். முதல் சுயமரியாதைத் திருமணம் என்று வரலாற்றில் பதிவானது இதுதான்.

இறைவனை மறுத்த ஒருவரின் வாழ்க்கையை நாம் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அவருடைய இறைமறுப்பு நமக்கு ஏற்புடையதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் திருமணம் என்ற ஒரு விஷயத்தில் அவர் நாற்பது ஆண்டுகள் போராடி எதைப் பெற்றுத்தந்தார் என்று பார்க்கும்போது, அது நம் கையில் ஏற்கனவே இருந்த பொருளாக இருக்கிறது. அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

ஈரோட்டு வணிகர் வீட்டுப் பிள்ளை

ராமசாமி 1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் திருச்சுழியில் பிறந்தவர் ரமண மகரிஷி. ஒருவர் பதினாறு வயதில் வீட்டைத் துறந்து திருவண்ணாமலைக்குப் போய், திருமணமே செய்யாமல் வாழ்ந்து மறைந்தார். மற்றவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, வீடு என்பது எப்படித் தொடங்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார்.

தந்தை வெங்கட்ட நாயக்கர் வறுமையிலிருந்து உழைத்து மேலே வந்த வணிகர். தாய் சின்னத்தாயம்மாள். வைணவ பக்தி நிறைந்த வீடு. பாகவதர்களுக்கும் சாதுக்களுக்கும் எப்போதும் சாப்பாடு நடக்கும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. மற்ற சாதியார் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தண்ணீர் குடிக்கிறான், தின்பண்டம் வாங்கித் தின்கிறான் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. அதற்காகக் காலில் விலங்கிட்டுப் பார்த்தார்கள். விலங்கோடு போய் விளையாடினான். பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்தி மண்டியில் உட்கார வைத்தார்கள். வியாபாரம் நன்றாக வந்தது. புராணக் கதை சொல்ல வருபவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவதும் கூடவே வந்தது.

நாகம்மை

1898இல் அவருக்குப் பத்தொன்பது வயது. வசதியான இடத்தில் பெண் எடுக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அவரோ சேலம் பக்கத்துத் தாதம்பட்டியைச் சேர்ந்த, வசதி குறைந்த உறவுக்காரப் பெண்ணான நாகம்மையைத்தான் மணப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். நாகம்மைக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்றைக்கு அது வழக்கமான வயது. திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று சட்டம் எதுவும் அப்போது இல்லை. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிர்ணயித்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது.

ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தாவது மாதத்தில் இறந்தது. அதன்பின் குழந்தை இல்லை. குழந்தை இல்லை என்ற காரணத்தைக் காட்டி இரண்டாம் தாரம் தேடுவது அன்று எல்லாச் சமுதாயத்திலும் இயல்பாக இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை.

ஆனால் அந்த இல்லறத்தில் எல்லாம் இனிமை என்றும் சொல்வதற்கில்லை. நாகம்மை பக்தியோடு வளர்ந்தவர். மனைவியின் பழக்கங்களை மாற்ற ராமசாமி செய்த குறும்புகளை அவருடைய வரலாற்றை எழுதியவர்களே மறைக்காமல் சொல்கிறார்கள். பேச்சுக் கொடுத்தே தாலியைக் கழற்ற வைத்தது, கோயிலுக்குப் போகும்போது கேலி செய்ய ஆட்களை ஏவிப் பயமுறுத்தியது ஆகியவை அதில் அடக்கம். மனைவியின் விருப்பத்தைக் கேட்டு நடந்தவராக அவர் அன்று இல்லை. நாகம்மை மெல்ல மெல்லக் கணவரின் பாதைக்கு வந்தார். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் கணவரின் தங்கை கண்ணம்மாளோடு தெருவில் நின்றார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது, கணவர் சிறையில் இருக்க, அங்கே போய்ப் பெண்களைத் திரட்டினார். ஈரோட்டு வீட்டில் எந்த நேரம் எத்தனை பேர் வந்தாலும் சோறு போட்டவரும் அவரே.

சகோதரியின் மகள்

பெரியாரின் திருமணச் சிந்தனைக்கு மேடையல்ல, வீடுதான் தொடக்கம். அவருடைய சகோதரியின் மகளுக்குப் பத்து வயதுகூட நிரம்பாத பருவத்தில் திருமணம் செய்துவைத்தார்கள். இரண்டு மாதம் ஆவதற்குள் மாப்பிள்ளை காலராவில் இறந்துபோனான். திருமணம் என்றால் என்னவென்றே தெரியாத சிறுமி, செய்தி கேட்டு மாமனிடம் ஓடிவந்து, நான் இதைக் கேட்டேனா என்று அழுதாள். துக்க வீட்டில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவளுக்கு மறுமணம் செய்தே தீருவது என்று மாமன் அன்றைக்கே முடிவு செய்தார்.

விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856லேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்தும் அது காகிதத்தில்தான் இருந்தது. சாதியார் தடுப்பார்கள், வீட்டார் ஒளித்துவைப்பார்கள். ஆகவே பெண்ணை ஊருக்குத் தெரியாமல் சிதம்பரத்துக்கு அழைத்துப்போய் 1909இல் மறுமணம் நடத்தினார்கள். ஊர் திரும்பியபோது சாதிக்கட்டுப்பாடு என்றார்கள், விலக்கி வைப்போம் என்றார்கள். அவர் பொருட்படுத்தவில்லை.

இந்த இடத்தில் நமக்கு ஒரு நினைவு வராமல் போகாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் முதன்முதலாக மணந்த கதீஜா (ரலி) அவர்கள் கணவரை இழந்தவர். திருமணப் பேச்சைத் தொடங்கியதும் அவர்கள் தரப்புதான். அதற்கு முந்திய அரபகத்தில் கணவன் இறந்தால் அவன் வாரிசுகள் சொத்தோடு சொத்தாக அவன் மனைவியையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதைத் திருக்குர்ஆன் தடுத்தது (4:19). ஆகவே விதவைக்கு மறுவாழ்வு என்பது நமக்குச் சட்டப் போராட்டம் நடத்திப் பெற வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. அப்படியிருந்தும் நம் மஹல்லாக்களில் இளம் வயதில் கணவனை இழந்த பெண்களுக்கு மறுபடி நிகாஹ் பேசினால் முகம் சுளிப்பவர்கள் இல்லையா? முன்னிரவு நிச்சயத்துக்கும் மருதாணிக்கும் அவர்களை ஒதுக்கி வைப்பவர்கள் இல்லையா? அந்த வழக்கம் எங்கிருந்து நம் வீட்டுக்குள் வந்தது?

சுக்கிலநத்தம் வரை வந்த வழி

ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியை விட்டுக் காங்கிரசில் சேர்ந்தார்; வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாததால் 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். அதே ஆண்டு மே மாதம் ஈரோட்டில் 'குடி அரசு' வார இதழைத் தொடங்கியிருந்தார். அங்கிருந்து தொடங்கியது சுயமரியாதை இயக்கம். இவை பலரும் அறிந்தவை. நம் தலைப்புக்கு வருவோம்.

சாதி எங்கே காப்பாற்றப்படுகிறது என்று அவர் தேடினார். திருமணத்தில் என்று விடை கண்டார். சாதிக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும்வரை சாதி சாகாது. புரோகிதர் நடத்தும்வரை மற்றவர் தாழ்ந்தவரே. கன்னிகாதானம் என்று தானப் பொருளாகக் கொடுக்கும்வரை பெண் ஒரு பொருளே. ஆகவே திருமணத்தை தானமாக அல்ல, இரு சம மனிதர்களின் வாழ்க்கைத் துணை ஒப்பந்தமாக நடத்த வேண்டும் என்றார். பழந்தமிழர் திருமணத்தில் எரியும் புரோகிதரும் இருந்ததில்லை என்று தமிழறிஞர்களும் எடுத்துக்காட்டினார்கள். அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்களில் வரும் திருமணங்களில் பந்தலும் விருந்தும் மணப்பெண்ணை நீராட்டும் பெண்களும் உண்டு, தீவலம் இல்லை. தீவலம் சிலப்பதிகாரத்தில்தான் வருகிறது.

இந்தக் கரிசல் வட்டாரம் அந்தப் பேச்சுக்குச் செவி கொடுத்தது. சுக்கிலநத்தத்தில் திருமணம் நடந்து மூன்று ஆண்டுகளில், 1931இல், விருதுநகரில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. இதற்கிடையில் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு, மணமுறிவு பெறும் உரிமை, விதவை மறுமணம், பதினாறு வயதுக்குப் பின்பே பெண்ணுக்குத் திருமணம் என்று தீர்மானம் போட்டிருந்தது.

சுயமரியாதைத் திருமணம் எப்படி நடந்தது என்று கேட்டால் இன்றைய இளைஞர்களுக்கு வியப்பாக இருக்கும். நல்ல நேரம் பார்ப்பதில்லை. வேண்டுமென்றே ராகு காலத்திலும் நடத்தினார்கள். வேலை கெடக் கூடாது என்பதற்காக மாலையில் நடத்தினார்கள். ஒரே நாளில் முடிய வேண்டும், செலவு சுருங்க வேண்டும், கடன் வாங்கவே கூடாது. அமங்கலி என்று மூலையில் நிறுத்தப்பட்ட விதவைகளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தலைவர் வாழ்த்துரை மணிக்கணக்கில் நீளும். திருமணப் பந்தலே பொதுக்கூட்ட மேடையாகிவிடும். தொடக்கக் காலத்தில் பல திருமணங்களில் தாலியும் இருந்தது. மக்கள் எவ்வளவு தூரம் வருவார்களோ அவ்வளவு தூரம் கூட்டிப்போவது, பிறகு அடுத்த அடி என்பது அவர் முறை.

உலகம் சுற்றியதும் வீட்டில் கண்டதும்

1931 டிசம்பரில் கப்பலேறி எகிப்து, துருக்கி, கிரேக்கம், சோவியத் ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் என்று சுற்றி 1932 நவம்பரில் திரும்பினார். பிரான்சில் 1792லேயே திருமணம் தேவாலயத்திலிருந்து அரசுப் பதிவேட்டுக்கு மாறியிருந்தது. துருக்கி 1926இல் குடிமைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ரஷ்யாவில் பதிவு அலுவலகத்தில் சில நிமிடங்களில் திருமணம் முடிந்தது. திருமணம் என்ற ஏற்பாடு நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறக்கூடியது என்பதை நேரில் பார்த்துவிட்டு வந்தார்.

நம் நாட்டுக்குள்ளேயே என்ன மாறுபாடு இல்லை? நம் தமிழ் முஸ்லிம்களையே எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்வருவார். பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். உள்நாட்டு ஊர்களில் பெண்தான் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். தமிழகத்தின் பல உழைக்கும் சாதிகளில் ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். படிப்பும் அரசு வேலையும் வந்த பிறகு அது தலைகீழாகி, பெண் வீட்டார் கொடுக்கும் வரதட்சணையானது. ஆக, காலம் காலமாக இப்படித்தான் என்று நாம் சொல்லும் பலவும் நம் பாட்டனார் காலத்தில் இல்லாதவை.

பெரியார் ஊர் திரும்பி ஆறு மாதத்தில், 1933 மே 11 அன்று, நாகம்மை இறந்தார். முப்பத்தைந்து ஆண்டு இல்லறம். மறுநாளே திருச்சிக்குப் போய், தடையுத்தரவை மீறி ஒரு கிறிஸ்தவ இணையருக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்துக் கைதானார். மனைவி இறந்த மறுநாள் இன்னொருவர் திருமணத்துக்குப் போனதைக் கல்நெஞ்சம் என்றவர்கள் உண்டு. கொள்கைப் பிடிப்பு என்றவர்களும் உண்டு.

ஆனால் நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. அந்த வாரக் 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய இரங்கலில், பெண்கள் விடுதலைக்காகத் தாம் ஊரெல்லாம் பேசியதில் நூற்றில் ஒரு பங்கையாவது தம் மனைவியிடம் நடத்திக்காட்டினோமா என்று கேட்டு, அதற்குத் தம்மிடம் விடையில்லை என்று ஒப்புக்கொண்டார். ஊருக்கு உபதேசம் செய்பவர்கள், அதாவது நம்மைப் போன்ற ஆலிம்கள், மிம்பரில் நிற்பவர்கள், இந்த ஒப்புதலைக் கவனிக்க வேண்டும். அவர் தம் வீட்டுக் கணக்கை ஊரார் முன்னிலையில் தாமே திறந்து காட்டினார். அந்தத் துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தைத் தந்தது. அதைத் தந்தவர்கள் பெண்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எழுபது வயதில் எழுந்த புயல்

1949 ஜூலை 9 அன்று, எழுபதை நெருங்கிய வயதில், தமக்கு உதவியாக இருந்த மணியம்மையை அவர் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணியம்மைக்கு முப்பதுக்கு உட்பட்ட வயது. பொருந்தா மணத்தைக் கண்டித்துப் பேசிவந்தவரே இப்படிச் செய்யலாமா என்று இயக்கமே கொதித்தது. இயக்கத்தின் சொத்துக்கும் பணிக்கும் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும், பெண்ணைத் தத்தெடுக்க அன்றைய இந்துச் சட்டம் இடம் தரவில்லை, ஆகவே இந்த ஏற்பாடு என்பது அவர் சொன்ன காரணம். அண்ணாதுரையும் மற்றவர்களும் அதை ஏற்காமல் பிரிந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். மணியம்மை கடைசிவரை அவருக்குப் பணிவிடை செய்து, அவருக்குப் பின் இயக்கத்தை நடத்தி 1978இல் மறைந்தார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. திருமணத்தை இருவருக்கிடையிலான ஒப்பந்தம் என்று சொன்னவரின் திருமணத்திலேயே ஊருக்கும் உறவுக்கும் எதிர்பார்ப்புகள் இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நீதிமன்றமும் சட்டமும்

சுக்கிலநத்தம் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்கள் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். ஆனால் சட்டம் அவர்களை ஏற்கவில்லை.  இந்து முறையில் என்றால் சடங்கு வேண்டும். 1953இல் ஒரு சொத்து வழக்கில், இப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தீர்ப்பால், இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடும்பம் நடத்திவந்த எத்தனையோ பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லாதவர்களாக, பிள்ளைகள் வாரிசு அல்லாதவர்களாக ஆகும் நிலை வந்தது. மந்திரம் ஓதவில்லை என்பதற்காக!

1967இல் அண்ணாதுரை முதலமைச்சரானார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன தலைவரின் கோரிக்கையைச் சட்டமாக்கினார். இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும், அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் தேவையில்லை. அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்று பின்தேதியிட்டு ஏற்கப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை உறுதிசெய்து, இத்தகைய திருமணத்துக்குப் பெருங்கூட்டமும் பகிரங்க விழாவும் அவசியமில்லை என்றது.

சுக்கிலநத்தத்துக்கும் சட்டத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். எண்பத்தெட்டு வயதில் பெரியார் அதைப் பார்த்தார். 1973 டிசம்பர் 24 அன்று வேலூரில் மறைந்தார்.

நம் கையில் இருந்த பொருள்

இப்போது நம் பக்கம் வருவோம். புரிகிற மொழியில் ஈஜாபும் கபூலும், இரு சாட்சிகள், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர், பெண்ணின் சம்மதம். நிகாஹ் இதுதான். திருக்குர்ஆன் இதை உறுதியான உடன்படிக்கை என்று அழைக்கிறது (4:21). நமக்கு இது இறைவனை முன்னிறுத்திய உடன்படிக்கை, ஓர் இபாதத். பெரியாருக்கு இது மனிதர் இருவரின் ஒப்பந்தம் மட்டுமே. இந்த வேறுபாடு சிறியதல்ல. எனினும் ஒருவர் விருப்பமின்றி இன்னொருவரோடு பிணைக்கக் கூடாது என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற பெண்மணியை அவருடைய தந்தை விருப்பமின்றி மணமுடித்துக் கொடுத்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அந்த நிகாஹை அண்ணலார் ரத்து செய்தார்கள். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்தில் குறையில்லை, ஆனால் சேர்ந்து வாழ மனமில்லை என்று வந்தபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிரிய வழி செய்தார்கள். செங்கல்பட்டில் 1929இல் தீர்மானமாகக் கேட்கப்பட்ட மறுமணமும் மணமுறிவும் மதீனாவில் நடைமுறையில் இருந்தவை. பெரியார் மீலாது மேடைகளில் இஸ்லாத்தின் சமத்துவத்தைப் புகழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே மேடைகளில் நம்முடைய மூடப் பழக்கங்களையும் பெண்களை அடைத்துவைப்பதையும் முகத்துக்கு நேராகக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை.

ஆனால் அந்த நிகாஹை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

இந்தக் கரிசல் வட்டாரத்தில் நாம் எத்தனையோ நிகாஹ் மஜ்லிஸ்களில் அமர்ந்திருக்கிறோம். ஒன்றை மட்டும் சொல்கிறோம், ஊர் பெயர் வேண்டாம். தஃப்தரில் மஹர் என்ற இடத்தில் ஒரு சிறு தொகை எழுதப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெருமையோடு ரொக்க மஹர் என்றார்கள். பெண்ணின் தகப்பனார் தறி ஓட்டுபவர். இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கைக்கூலி கொடுத்திருந்தார். அது மஹரைப் போல் நாற்பது மடங்கு. அந்தத் தொகை தஃப்தரில் எழுதப்படவில்லை. வக்கீலும் சாட்சிகளும் சம்மதம் கேட்கப் பெண்ணின் அறைக்குப் போனார்கள். கூடியிருந்த பெரியம்மாமார்களே சம்மதம், சம்மதம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண் தலை நிமிரவில்லை. நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே குத்பா ஓதினோம், துஆ செய்தோம், பிரியாணி சாப்பிட்டோம், ஹதியாவும் வாங்கிக்கொண்டோம். புரோகிதரைப் பற்றிப் பெரியார் சொன்ன குற்றச்சாட்டு அன்று நம் தலைப்பாகையின் மேலும் விழுந்தது.

மஹரை மனமுவந்து பெண்களுக்கே கொடுங்கள் என்பது இறைக்கட்டளை (4:4). 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். அதில் முஸ்லிம்களின் மஹர் மட்டும் வரதட்சணை அல்ல என்று தனியே விலக்கப்பட்டிருக்கிறது. ஏனென்றால் அது பெண்ணுக்குப் போவது. நாட்டின் சட்டத்தை எழுதியவர்களுக்கே தெரிந்த அந்த வேறுபாடு நம் ஜமாஅத்துகளுக்கு மறந்துவிட்டது.

1856இல் வந்த சட்டம் ஐம்பது வருடம் காகிதத்தில் கிடந்ததைப் பார்த்தோம். ஈரோட்டில் ஒரு தாய்மாமன் தன் வீட்டில் அதைச் செய்தபோதுதான் அதற்கு உயிர் வந்தது. நம்மிடம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இருப்பதற்கும் வீட்டில்தான் உயிர் வர வேண்டும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பெண்ணைப் பெற்றவர்களே, பேச்சு முடிவதற்கு முன் மகளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். அவள் மௌனத்தை உங்கள் வசதிக்கு அர்த்தம் செய்யாதீர்கள். மகனைப் பெற்றவர்களே, கொடுக்கும் மஹர் பெண்ணுக்கு ஒரு நாள் உண்மையாகவே உதவும் அளவுக்கு இருக்கட்டும், அது அவள் கையிலேயே இருக்கட்டும். ஜமாஅத் நிர்வாகிகளே, கைக்கூலி வாங்கிய திருமணத்துக்குத் தஃப்தர் தர மாட்டோம் என்று ஒரு தீர்மானம் போட்டால் போதாது. முதலில் நிர்வாகிகள் வீட்டுத் திருமணத்தில் அது அமலாகட்டும். கணவனை இழந்த இளம் பெண்கள் உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள்.

நம் பங்குக்கு நாம் ஒன்று செய்துவருகிறோம். அந்தத் தறிக்காரர் வீட்டு நிகாஹுக்குப் பிறகு, சம்மதம் கேட்கப் போகிறவர்களிடம், பெண்ணின் வாயிலிருந்தே கேட்டு வாருங்கள், இல்லையேல் குத்பா தொடங்காது என்று சொல்லிவிடுகிறோம். சில இடங்களில் கோபித்துக்கொண்டு வேறு ஆலிமை அழைத்துக்கொண்டார்கள். சில இடங்களில் சற்று நேரம் தாமதமானது. ஒரு வீட்டில் மட்டும் பெண் வேண்டாம் என்று சொன்னாள். அன்று நிகாஹ் நடக்கவில்லை. ஆக்கிய சோற்றை ஊருக்குப் பகிர்ந்துவிட்டு எல்லாரும் கலைந்தோம். அடுத்த வருடம் அதே பெண்ணின் நிகாஹுக்கு அவளுடைய தகப்பனாரே வந்து நம்மை அழைத்தார்.